மூடிய பெட்டி: ஹோம் தியேட்டருக்கு ஒரு சப்வூஃபர் கட்டுவது

5.1 என்று எழுதும்போது புள்ளிக்குப் பின்னால் நிற்கிற அந்த 1 பற்றியதுதான் இந்த அத்தியாயம். மற்ற ஐந்து சேனல்களில் காதுக்குக் கேட்கும் எல்லா ஒலியும் வரலாம். இந்த ஒன்றில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது மட்டும் வரும். அதனால்தான் இதை ஒரு முழுச் சேனலாக எண்ணாமல் பத்தில் ஒன்றாகக் குறித்தார்கள். குறிப்பதில்தான் கஞ்சம், சத்தத்தில் இல்லை: மற்ற சேனல்களைவிட 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும்படி இது அமைக்கப்பட்டிருக்கிறது. வெடி, இடி, கட்டடம் சரிவது, விமானம் தலைக்கு மேல் போவது எல்லாம் இதில்தான்.

வீட்டில் சப்வூஃபருக்கு இன்னொரு வேலையும் உண்டு. மேசைமேல் வைக்கிற சின்ன ஸ்பீக்கர்களால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒழுங்காகப் பாட முடியாது. ரிசீவர் அந்தப் பகுதியை அவற்றிடமிருந்து பிடுங்கிச் சப்வூஃபருக்கு அனுப்பிவிடும். ஆக, படத்தின் வெடிகுண்டு மட்டுமல்ல, பாட்டில் வரும் பேஸ் கிட்டாரின் அடிக்கம்பியும் (41 ஹெர்ட்ஸ்) சப்வூஃபரை நம்பித்தான் இருக்கிறது.

மலிவான 5.1 செட்டோடு வருகிற சப்வூஃபர் இந்த இரண்டு வேலையையும் செய்வதில்லை. மெல்லிய துகள் பலகையில் ஒரு குட்டிப் பெட்டி, அதில் ஆறரை அங்குல ஸ்பீக்கர், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். அறுபது எழுபது ஹெர்ட்ஸ் பக்கம் ஒரே ஒரு இடத்தில் ‘தும்’ என்று அடிக்கும். எந்தப் பாட்டுப் போட்டாலும், எந்த வெடி வெடித்தாலும் அதே தும். இதைத் தூக்கி வைத்துவிட்டு, 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றை முழுக்க அடைத்த ஒரு பெட்டியில் போட்டு நாமே கட்டப்போகிறோம். குழாய் கிடையாது, துளை கிடையாது. ஏன் என்பதற்குக் கீழே காரணம் வரும். நம்முடைய வீடுகளின் சுவரே அதில் பாதிக் காரணம்.

வாட்டைப் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள்

தாழ்ந்த ஒலி என்பது நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது. ஒலியின் அழுத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டுமானால், அதிர்வெண் பாதியாகக் குறையும்போது கோன் நான்கு மடங்கு தூரம் போய்வர வேண்டும். 40 ஹெர்ட்ஸில் 2 மி.மீ. நகர்ந்து சமாளித்த கோன், 20 ஹெர்ட்ஸில் 8 மி.மீ. நகர வேண்டும். இதைத் தாண்டிப் போக எந்த ஆம்ப்ளிஃபயராலும் முடியாது.

ஒரு நல்ல 12 அங்குல ஸ்பீக்கரின் கோன் பரப்பு ஏறத்தாழ 490 சதுர செ.மீ. அது ஒரு பக்கத்துக்கு 10 மி.மீ. நகரும் என்றால், ஒரு தள்ளலில் 490 கன செ.மீ. காற்று. அதைத் திறந்தவெளியில் தரையில் வைத்து ஒரு மீட்டரில் அளந்தால் 40 ஹெர்ட்ஸில் 106 டெசிபல், 20 ஹெர்ட்ஸில் 94 டெசிபல்தான் உச்சம். 215 சதுர செ.மீ. பரப்பும் 6 மி.மீ. நகர்வும் உள்ள 8 அங்குல ஸ்பீக்கரைப் போட்டால் இதில் 11 டெசிபலுக்கு மேல் போய்விடும். மூன்று டெசிபல் கூட்டுவதற்கே ஆம்ப்ளிஃபயரின் வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்தால், 8 அங்குலத்தில் தொடங்கி வாட்டைக் கூட்டிச் சரிசெய்யலாம் என்ற ஆசை அங்கேயே விட்டுப்போகும்.

ஸ்பீக்கர் வாங்குவது

சென்னை என்றால் ரிச்சி தெரு. மற்ற ஊர்களில் கார் ஆடியோ பொருத்தும் கடைகள். கடைக்காரரோடு பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“அண்ணே, இந்த பன்னெண்டு இன்ச்சுக்கு டேட்டா ஷீட் இருக்கா?”

“ஷீட்டா? ஐந்நூறு வாட்ஸ் சார். அடிச்சா ஜன்னல் ஆடும்.”

ஜன்னல் ஆடுவதை அளக்க முடியாது. அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைக் கேளுங்கள், அல்லது நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். நமக்கு வேண்டியது நான்கு எண்கள். எஃப்எஸ்: ஸ்பீக்கர் வெறுமனே தொங்கும்போது தானாக அதிர விரும்பும் அதிர்வெண். க்யூடிஎஸ்: அந்த அதிர்வை அதன் காந்தமும் தொங்கல் அமைப்பும் எவ்வளவு அடக்குகின்றன என்பது. விஏஎஸ்: அதன் தொங்கல் எவ்வளவு நெகிழ்வானது என்பதை லிட்டர் கணக்கில் சொல்வது. எக்ஸ்மேக்ஸ்: கோன் ஒழுங்காக நகரக்கூடிய தூரம். ஆஸ்திரேலியரான நெவில் தீல் 1961இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையும், அதைத் தொடர்ந்து 1970களின் தொடக்கத்தில் சிட்னியில் ரிச்சர்ட் ஸ்மால் செய்த வேலையும்தான் இந்த எண்களை நமக்குத் தந்தன. அதற்கு முன்பு பெட்டி கட்டுவது கைராசியைப் பொறுத்த விஷயமாக இருந்தது. இன்றும் இந்த எண்கள் இல்லாத ஸ்பீக்கரை வாங்குகிறவர் கைராசியைத்தான் வாங்குகிறார்.

எஃப்எஸ் 30க்குக் கீழே அல்லது அதை ஒட்டி, க்யூடிஎஸ் 0.4க்கும் 0.6க்கும் இடையில், எக்ஸ்மேக்ஸ் 8 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் மூடிய பெட்டிக்கு ஏற்ற ஸ்பீக்கர். கார் சப்வூஃபர்களில் இப்படிப்பட்டவை நிறைய. மேடைக்கச்சேரி பாக்ஸுக்குப் போடும் 12 அங்குல ஸ்பீக்கரை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதன் விளிம்பு ரப்பராக இருக்காது, மடிப்பு மடிப்பாகத் துணியாக இருக்கும். விரலால் அழுத்தினால் விறைப்பாகத் தெரியும். அது தூரத்துக்குக் குரல் கொண்டுபோகப் பிறந்தது. ஐம்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்கு வேலை இல்லை.

இன்னொன்று: ‘டூயல் வாய்ஸ் காயில்’ என்று போட்டிருந்தால் இரண்டு ஜோடி முனைகள் இருக்கும். இரண்டும் 4 ஓம் என்றால், வரிசையாக இணைத்தால் 8 ஓம், இணையாக இணைத்தால் 2 ஓம். 2 ஓமை எல்லா ஆம்ப்ளிஃபயரும் தாங்காது. முதல் முறை கட்டுகிறவர்கள் ஒற்றைக் காயில் 4 ஓம் வாங்கினால் யோசனைக்கே இடமில்லை.

வீட்டில் ஏற்கெனவே பழைய ஸ்பீக்கர் ஒன்று கிடக்கிறது, எண்கள் தெரியாது என்றால், எஃப்எஸ் மட்டுமாவது கண்டுபிடிக்கலாம். ஸ்பீக்கரைக் கையில் தொங்கவிட்டாற்போல் காற்றில் பிடித்து, 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அதோடு வரிசையாக இணைத்து, போனில் டோன் ஜெனரேட்டர் செயலி வழியாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரில் ஓட்டுங்கள். ஸ்பீக்கரின் இரு முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வையுங்கள். 80 ஹெர்ட்ஸிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும்போது வோல்டேஜ் ஏறி, ஒரு இடத்தில் உச்சம் தொட்டு, இறங்கும். உச்சம் தொட்ட இடம்தான் எஃப்எஸ். அது 55 என்று வந்தால் அந்த ஸ்பீக்கரை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் துளை வேண்டாம்

துளை வைத்த பெட்டி, வாயில் ஊதினால் ஒலிக்கும் வெற்றுப் பாட்டில் மாதிரி. குழாயில் உள்ள காற்று ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தானே அதிர்ந்து ஸ்பீக்கருக்குக் கைகொடுக்கும். அந்த இடத்தில் அதே வாட்டுக்கு அதிகச் சத்தம் கிடைக்கும். அதற்குக் கொடுக்கிற விலை மூன்று. முதலில், அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 24 டெசிபல் வீதம் சடாரென்று விழும். மூடிய பெட்டியில் 12தான். அடுத்தது, அதற்குக் கீழே கோனுக்குப் பிடிமானமே இருக்காது, வெறும் காற்றில் அலையும். தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டி இல்லாவிட்டால் ஒரு நல்ல வெடிக் காட்சியில் காயில் போய் அடித்துக்கொள்ளும். மூன்றாவது, அளவு. 90 லிட்டர் பெட்டியை 26 ஹெர்ட்ஸுக்கு இசைக்க வேண்டும் என்றால், 10 செ.மீ. உள்விட்டமுள்ள குழாய் 31 செ.மீ. நீளம் வேண்டும். 12 அங்குல ஸ்பீக்கருக்கு அந்தக் குழாய் போதாது, காட்சி சூடு பிடித்தால் ‘புஸ் புஸ்’ என்று மூச்சு விடும். 15 செ.மீ. குழாயாக மாற்றினால் நீளம் 76 செ.மீ. ஆகிவிடும், பெட்டிக்குள் வளைத்துத்தான் வைக்க வேண்டும். கணக்கில் பத்து சதவீதம் பிசகினால் இசைவும் பிசகும். நம் ஊரில் அந்தக் குழாய்க்குள் கரப்பான் குடும்பம் நடத்தும் என்பது தனிச் சங்கதி.

மூடிய பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்றே கோனுக்கு ஸ்பிரிங். எட்கர் வில்ச்சர் 1954இல் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரில் இதைத்தான் செய்து காட்டினார். ஆளுயரப் பெட்டிகளை வைத்திருந்தவர்கள் அலமாரித் தட்டில் அடங்கும் பெட்டியிலிருந்து வந்த அடித்தொனியைக் கேட்டு அசந்துபோனார்கள்.

இப்போது சுவர் விஷயத்துக்கு வருவோம். அறையின் நீளத்துக்கு அடங்காத நீண்ட அலைகளுக்கு அறையே ஒரு மூடிய பெட்டி மாதிரிதான். அழுத்தம் வெளியே போகாமல் தேங்கும். அதனால் மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கு அறையே சத்தம் கூட்டிக் கொடுக்கும். சுவர் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு கூடுதல். அமெரிக்காவில் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையுமாகக் கட்டிய வீடுகளில் சுவர் கொஞ்சம் வளைந்து கொடுத்து, அடித்தொனியில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடும். நம்முடையது ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம். வளையாது. கதவும் ஜன்னலும்தான் ஓட்டை. 14 அடி நீள அறையில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்தக் கூடுதல் தொடங்கும். மூடிய பெட்டி ஏறத்தாழ அதே இடத்தில்தான் மெல்லச் சரியத் தொடங்குகிறது. ஒன்று இறங்க இன்னொன்று ஏற, கேட்கும் இடத்தில் ஒலி ஓரளவு சமமாக வந்து சேரும். துளை வைத்த பெட்டியை இதே அறையில் வைத்தால் 30 ஹெர்ட்ஸ் பக்கம் வீங்கும். வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே எடுத்துக் கட்டி, ‘ஒரே பூம்மாக இருக்கிறதே’ என்று வருந்துகிறவர்கள் பாதிப் பேரின் கதை இதுதான்.

எத்தனை லிட்டர்

ஒரு ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம்: எஃப்எஸ் 28, க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 75 லிட்டர். பெட்டிக்குள் போனபின் மொத்த க்யூ 0.707 ஆக இருந்தால் ஒலி மேடு பள்ளமில்லாமல் வரும். 1க்குப் போனால் ஒரு வீக்கம் தெரியும், 0.5 என்றால் இறுக்கமாக, கொஞ்சம் மெலிந்து கேட்கும்.

0.707ஐ 0.45ஆல் வகுத்தால் 1.571. அதை அதாலேயே பெருக்கினால் 2.468. ஒன்றைக் கழித்தால் 1.468. விஏஎஸ் 75ஐ இதால் வகுத்தால் 51 லிட்டர். அவ்வளவுதான் கணக்கு. பெட்டியில் போட்டபின் அதிரும் அதிர்வெண், 28ஐ 1.571ஆல் பெருக்கினால், 44 ஹெர்ட்ஸ். இதே ஸ்பீக்கரை இடமில்லை என்று 30 லிட்டரில் அடைத்தால் க்யூ 0.84, அதிர்வெண் 52. கெட்டுப்போய்விடாது, ஆனால் கீழே கொஞ்சம் இழப்பு. உங்கள் ஸ்பீக்கரின் எண்களை இதில் போட்டுப் பாருங்கள். கீழே வரும் அளவுகள் 51 லிட்டருக்கானவை.

பலகை

எம்டிஎஃப் வழவழப்பாக வெட்டுப்படும், உள்ளே இடைவெளி இருக்காது. ஆனால் வீடு துடைக்கிற தண்ணீர் தினமும் அடிப்பக்கம் படுகிற வீட்டில் அது ஒரே வருடத்தில் உப்பிவிடும். 18 மி.மீ. பிடபிள்யூஆர் பிளைவுட்டே போதும். ஐஎஸ் 303 முத்திரை பாருங்கள். ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் இன்னும் நல்லது, கட்டாயம் இல்லை. தச்சரிடம் ‘ஆறு நூல் பலகை’ என்றால் புரிந்துகொள்வார். 18 என்று விற்பது பல சமயம் 17 மி.மீ.தான் இருக்கும். வெட்டுவதற்கு முன் நீங்களே அளந்து, வித்தியாசம் இருந்தால் கீழே உள்ள அளவுகளைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பெட்டியின் உள்அளவு 38 செ.மீ. அகலம், 38 உயரம், 39 ஆழம்; 56 லிட்டர். ஸ்பீக்கரின் உடம்பும் உள்சட்டங்களும் அடைக்கிற இடம் போக 52 லிட்டர் பக்கம் மிஞ்சும். வெட்ட வேண்டியவை: மேலுக்கும் கீழுக்கும் 41.6 × 39 இரண்டு. பக்கவாட்டுக்கு 38 × 39 இரண்டு. முன்னும் பின்னும் 41.6 × 41.6 மூன்று. மூன்று என்றதற்குக் காரணம், ஸ்பீக்கரைத் தாங்கும் முன்பலகை இரட்டை. மொத்தப் பரப்பைக் கூட்டிப் பார்த்தால் 8 × 4 ஷீட்டில் பாதி போதும் போலத் தோன்றும். பரப்பு அடங்கும், வெட்டு அடங்காது: 41.6 மூன்று சேர்ந்தால் 124.8, நான்கடி ஷீட்டோ 122தான். மாற்றி அடுக்கினாலும் இம்மியளவில்தான் கொள்ளும். வெட்டும் பிளேடு ஒவ்வொரு முறையும் 3 மி.மீ. தின்றுவிடும். 6 × 4 ஷீட் வாங்கிவிடுங்கள். மிச்சத்தில் வட்டம் வெட்டிப் பழகலாம்.

பெட்டி கனசதுரமாக இருக்கிறதே, உள்ளே ஒலி எதிரொலித்துக் கெட்டுவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. 39 செ.மீ. இடைவெளியில் முதல் எதிரொலிப்பு உருவாவது 440 ஹெர்ட்ஸில். சப்வூஃபரை நாம் 80ஓடு நிறுத்திவிடுகிறோம். தங்க விகிதம் முதலான சாஸ்திரங்களை எல்லா ஒலியையும் பாடும் ஸ்பீக்கர்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெட்டுவதைப் பலகைக் கடையிலேயே மேசை ரம்பத்தில் முடித்துக்கொள்ளுங்கள்; கை ரம்பத்தில் நேர்க்கோடு வராது, வராத இடத்தில்தான் காற்று கசியும். ஸ்பீக்கர் வட்டத்தை வாங்கிய ஸ்பீக்கரையே கவிழ்த்து அளந்து போடுங்கள். 12 அங்குலம் என்பது வெளிவிட்டத்தின் பெயர். துளை 28 செ.மீ. பக்கம் வரும், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு ஆணி, ஒரு ரீப்பர் துண்டு, முனையில் பென்சில்: இதைவிட நல்ல காம்பஸ் தேவையில்லை. ஜிக்சாவை வட்டத்துக்கு உட்புறமாகவே ஓட்டி, கடைசியில் உப்புத்தாளால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது நல்லது.

முதலில் பக்கங்களையும் மேல்கீழையும் சேர்த்து ஒரு வளையமாக ஒட்டுங்கள். விளிம்பு முழுக்க ஃபெவிகால், பசை பிதுங்கி வெளியே வரும் அளவுக்கு. மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பசை காய்வதற்குள் பார்த்துவிடுங்கள். 50 மி.மீ. ஸ்க்ரூ, பிளைவுட் பிளக்காமல் இருக்க முதலில் சின்ன டிரில். பெட்டியை ஆயுளுக்கும் பிடித்திருக்கப்போவது பசைதான். கிளாம்ப் இல்லாத வீட்டில் ஸ்க்ரூவே கிளாம்ப். பிறகு பின்பலகை. அதன்பின் ஒன்றரை அங்குலச் சதுரச் சட்டம் இரண்டு, ஒவ்வொன்றும் 38 செ.மீ.: ஒன்று இடமிருந்து வலம், ஒன்று மேலிருந்து கீழ், நடுவில் ஒன்றை ஒன்று தொடும் இடத்திலும் பசை. ஸ்பீக்கரின் காந்தம் இடிக்காமல் பின்பலகைக்குப் பக்கமாகத் தள்ளி வையுங்கள். சட்டம் வைப்பதற்கு முன்னும் பின்னும் பக்கப் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டம்’ என்று நீண்டது ‘டொக்’ என்று முடிந்துவிடும்.

முன்பலகை இரண்டும் ஒட்டியபின் ஒருநாள் விடுங்கள். உள் மூலைகள் எல்லாவற்றிலும் ஃபெவிகாலில் ரம்பத்தூள் குழைத்துப் பூசலாம். சிலிக்கான் சீலண்டும் போடலாம். சீலண்ட் என்றால் அந்தப் புளித்த வாடை போகும் வரை ஸ்பீக்கரை மாட்டாதீர்கள், அந்த ஆவி உலோகத்துக்கு ஆகாது. பின்னால் வயர் வரும் முனையைச் சுற்றி எம்-சீல்.

உள்ளே பஞ்சு. தலையணைக்கு அடைக்கிற பாலியஸ்டர் பஞ்சு முக்கால் கிலோ, கையால் பிரித்துத் தளர்வாக. இலவம் பஞ்சு வேண்டாம். அதன் தூசு காயில் இடுக்கில் போகும், பூச்சியும் பிடிக்கும். காற்று அமுங்கும்போது பிறக்கும் சூட்டைப் பஞ்சு இழுத்துக்கொள்வதால் பெட்டி தன் அளவைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் பெரிதானதுபோல நடந்துகொள்ளும்.

ஸ்பீக்கர் விளிம்புக்கு அடியில் ஃபோம் டேப் ஒட்டி, ஸ்க்ரூக்களை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள். மாட்டியபின் இரண்டு சோதனை. விரல்களைப் பரப்பி கோனை மெல்ல அழுத்தி விடுங்கள். சோம்பலாகத் திரும்பி வந்தால் பெட்டி காற்றுப் புகாமல் இருக்கிறது, துள்ளி வந்தால் எங்கோ கசிவு. பிறகு ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை வயரில் தொட்டு எடுங்கள்; பேட்டரியின் ப்ளஸ் ஸ்பீக்கரின் ப்ளஸ்ஸில் பட்டால் கோன் வெளியே எம்ப வேண்டும்.

மைக்கா ஒட்டுவதோ பெயின்ட் அடிப்பதோ உங்கள் விருப்பம். அடியில் ஓர் அங்குல உயரத்தில் நான்கு ரப்பர் புஷ் மட்டும் கட்டாயம்.

ஆம்ப்ளிஃபயர்

முதலில் ஒரு கணக்கு, ஏமாறாமல் இருக்க. கடையில் கிடைக்கும் டிபிஏ3116 போர்டுகளில் ‘100 வாட்’ என்று அச்சடித்திருக்கும். 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு, அதால் தர முடிந்த தெளிவான உச்சம்: 24ஐ 24ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 72 வாட். எந்த எழுத்தும் இதை மாற்றாது. ஆனால் அந்த 72 வாட் பொய்யில்லாத வாட். பிஎம்பிஓ என்று விளம்பரத்தில் போடும் ஆயிரங்களைவிட மேல். நடுத்தர அறைக்கு இதில் தொடங்கலாம். இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்த மோனோ போர்டாகப் பார்த்து வாங்குங்கள். இதில் ஸ்பீக்கரின் இரு முனையிலும் மின்னழுத்தம் உண்டு. மைனஸ்தானே என்று எதையும் எர்த்திலோ உலோகப் பெட்டியிலோ தொடவிடக் கூடாது.

அசெம்பிள் செய்து பழகியவர்களுக்கு டிடிஏ7294 பழைய தோழன். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 18-0-18 டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். 24-0-24 போட்டால் 34 வோல்ட் பக்கம் ஏறி, ஐசி கொதித்துத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். 5200–1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட போர்டுகள் இன்னும் பலம். ஆனால் அதில் ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் டிசி நேராக ஸ்பீக்கருக்குப் போய்க் காயிலைக் கருக்கிவிடும். ஸ்பீக்கர் புரொடெக்ஷன் ரிலே போர்டு இல்லாமல் அதைத் தொடாதீர்கள். எந்த வகையானாலும் 200 வாட்டுக்கு மேல் இந்த ஸ்பீக்கருக்குச் செலவு செய்ய வேண்டாம். கோன் போகிற தூரம் அதற்குள் முடிந்துவிடும். பெரிய கெபாசிட்டர்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் நிற்கும், கை வைக்கும் முன் மல்டிமீட்டரில் பார்க்கவும்.

ரிசீவரில் சப்வூஃபர் அவுட் இருந்தால் லோபாஸ் ஃபில்டர் போர்டு தேவையே இல்லை. வடிகட்டும் வேலையை ரிசீவர் செய்து முடித்துவிட்டது. அதற்கு மேல் இன்னொன்று போட்டால் இருமுறை வடிகட்டி, 60 ஹெர்ட்ஸிலேயே ஒலி தேயத் தொடங்கும்.

இணைத்தவுடன் ‘உர்ர்’ என்று ஒரு முனகல் வந்தால், முதலில் செட்டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் இரண்டு வழியில் வருகிறது என்று பொருள். ரிசீவரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகினால் பெரும்பாலும் அடங்கும். அதற்காக எர்த் பின்னைப் பிடுங்கி எறிவது உயிரோடு விளையாடுவது.

அறையில் வைப்பது

பெட்டி கட்டியதில் பாதி வேலைதான் முடிந்தது. அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றும் தத்தம் அதிர்வெண்ணில் முழங்கும். ஒலியின் வேகம் 344ஐ, மீட்டரில் நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் அது கிடைக்கும். 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ், 11 அடிக்கு 51, 10 அடி உயரத்துக்கு 56. மூன்றும் தள்ளித் தள்ளி இருப்பதால் சமாளிக்கலாம். பத்துக்குப் பத்து அறையில், உயரமும் பத்தடி என்றால், மூன்றும் 56இல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். அந்த அறைக்கு மூலையில் வைப்பது ஆகாது.

இடம் பார்க்க எளிய வழி: சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாமேல் வையுங்கள். பேஸ் கிட்டார் மேலும் கீழும் நடக்கிற ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். காது சப்வூஃபர் உயரத்தில் இருக்க வேண்டும், அதனால்தான் தவழ்வது. சில இடங்களில் ஒரு சுரம் மட்டும் முழங்கும், சில இடங்களில் காணாமல் போகும். எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடத்தில் ஒரு சாக்பீஸ் குறி. சப்வூஃபர் அங்கே போகும், நீங்கள் சோபாவுக்குத் திரும்பலாம். வீட்டில் இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

ரிசீவரில் எல்லா ஸ்பீக்கர்களையும் ‘ஸ்மால்’ என்று மாற்றி, கிராஸோவரை 80இல் வையுங்கள். சத்தத்தைப் பாட்டைக் கொண்டு சரிசெய்யுங்கள், வெடியைக் கொண்டல்ல. ஆண்குரல் பேசும்போது சப்வூஃபர் இருக்கும் மூலையிலிருந்து குரல் வருவதுபோலத் தோன்றினால் கிராஸோவர் உயரம், அல்லது சத்தம் அதிகம். ஃபேஸ் என்ற சுவிட்ச் ஆம்ப்ளிஃபயரில் இருந்தால் 0, 180 இரண்டிலும் கேட்டு, 80 ஹெர்ட்ஸ் பக்கம் எதில் கனமாக இருக்கிறதோ அதில் விடுங்கள். சுவிட்ச் இல்லையென்றால் ஸ்பீக்கர் வயரை மாற்றிப் போட்டாலும் அதே வேலைதான். அளந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. போன் மைக்கை நம்பாதீர்கள், அடித்தொனியில் அதன் அளவீடு தேறாது, தனி அளவீட்டு மைக் வேண்டும்.

சோபா அறையின் நீளத்துக்குச் சரிபாதியில் இருந்தால் 14 அடி அறையில் 40 ஹெர்ட்ஸ் அங்கே ஏறத்தாழ செத்துவிடும். ஈக்வலைசரில் எவ்வளவு ஏற்றினாலும் எழாது. சோபாவை ஒன்றரை அடி பின்னால் தள்ளினால் எழும்.

கடைசியாக, டோன் ஜெனரேட்டரில் 20இலிருந்து 80 வரை மெல்ல ஏற்றிக்கொண்டே அறையைச் சுற்றி நடங்கள். ‘கடகட’ என்று வருவதெல்லாம் சப்வூஃபரிலிருந்து அல்ல. பீரோ கதவு, ஷோகேஸ் கண்ணாடி, ஏசி கிரில், சுவரில் மாட்டிய படங்கள் ஒவ்வொன்றும் தன் தன் அதிர்வெண்ணில் குரல் கொடுக்கும். பீரோ கதவு இடுக்கில் மடித்த அட்டை, படங்களின் பின்மூலையில் ஃபோம் டேப் துண்டு, ஷோகேஸ் கண்ணாடி ஓடும் பள்ளத்தில் கொஞ்சம் ஃபெல்ட். அடுக்குமாடி வீடு என்றால் சப்வூஃபருக்கு அடியில் கனமான ரப்பர் மேட் ஒன்றும் சேர்த்துப் போடுங்கள். அது அதிர்வு தளத்தில் இறங்குவதைக் குறைக்கும். காற்றில் போகும் சத்தத்தை நிறுத்தாது. ஆகவே இரவுக்காட்சிக்கு ரிசீவரில் ‘நைட் மோட்’ எங்கே இருக்கிறது என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.